கூட்டாமல் குறைக்காமல்

மருத்துவமனையில் அவளுக்கு வாயம்மா என்று பெயர். யார் வைத்தது என்று தெரியாது. ஏதோ ஒரு வார்டில் ஒரு நோயாளி அப்படிக் கூப்பிட, அது ஒட்டிக்கொண்டது. டாக்டர் பேசும் மொழி நோயாளிக்குத் தெரியாது, நோயாளி பேசும் மொழி டாக்டருக்குத் தெரியாது என்கிற இடங்களில் இருவருக்கும் நடுவே, சற்றே பின்தள்ளி ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருவாள். அவர் சொன்னதை இவருக்கும் இவர் சொன்னதை அவருக்கும் சொல்லுவாள். அதுதான் அவள் உத்தியோகம்.

கேட்க லேசாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வேலைக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. ஒன்று, பேசுகிறவர் யாரோ அவராகவே பேச வேண்டும். ‘அவருக்கு முதுகு வலிக்கிறதாம்’ என்று சொல்லக் கூடாது. ‘எனக்கு முதுகு வலிக்கிறது’ என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு, கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஆகவே ஒரே காலைப் பொழுதில் அவள் பிள்ளைத்தாய்ச்சியாகவும் இருந்திருக்கிறாள், மூட்டுத் தேய்ந்த கிழவராகவும் இருந்திருக்கிறாள். ‘உங்கள் கட்டி பரவிவிட்டது’ என்று சொல்லும் டாக்டரும் அவள்தான். ‘என் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்’ என்று கெஞ்சும் தாயும் அவள்தான். ஒருமுறை ஒரு நோயாளி, டாக்டரை அவர் பரம்பரையையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். வாயம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தத் திட்டை ஒரு சொல் சிந்தாமல் டாக்டரின் மொழியில், டாக்டரின் முகத்தைப் பார்த்தே திட்டினாள். டாக்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் அது கூட்டியதாகிவிடும்.

இப்படி ஊருக்கெல்லாம் வாயாக இருப்பவளுக்கு வீட்டில் வாயே கிடையாது என்றால் நம்புவீர்களா? கிடையாது. அந்த வீட்டில் பேசுவதற்கென்றே இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அவள் கணவர். லிஃப்ட் பழுது பார்ப்பவர்; ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, சொந்தக் கட்டடத்தின் லிஃப்ட் எப்போதும் கெட்டுக் கிடப்பதால் படியேறி வீட்டுக்கு வருகிற மனிதர். இன்னொருத்தி அவர்களுடைய ஒரே மகள். நர்ஸ். அம்மா வேலை செய்யும் இடத்தில் இல்லை, வேறொரு மருத்துவமனையில், குணமாகாது என்று கைவிடப்பட்டவர்களின் வார்டில். அப்பாவை உரித்து வைத்த மகள். கோபமும் அவரைப் போலவே மூக்கு நுனியில். சாப்பாட்டு மேசையில் இரண்டு பேரும் செய்தி கேட்க உட்கார்ந்தால், செய்தி முடிவதற்குள் நாலு நாட்டைத் திருத்திவிடுவார்கள். பஸ் கட்டணத்தில் ஆரம்பித்து எங்கோ நடக்கும் போரில் போய் நிற்கும். மேசையைத் தட்டுவதென்ன, “நீங்க சும்மா இருங்கப்பா” என்பதென்ன! கடைசியில் ஒரு டீயைப் போட்டுப் பங்கிட்டுக் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். வாயம்மா நடுவில் பரிமாறிக்கொண்டிருப்பாள். நீ என்ன நினைக்கிறாய் என்று அவளை யாரும் கேட்டதில்லை. கேட்கவில்லையே என்று அவளும் நினைத்ததில்லை.

அப்படிச் சண்டைபோட்டே சுகமாக இருந்த வீட்டில்தான் அந்த வாக்கெடுப்பு வந்து விழுந்தது.

தீராத நோயில் கிடப்பவர்கள், டாக்டர்கள் உறுதி செய்தால், தங்கள் சாவைத் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சட்டம் வரப்போகிறது. கொண்டுவரலாமா வேண்டாமா என்று நாடு முழுக்க மக்களிடமே கேட்கப் போகிறார்கள். தெருவெல்லாம் சுவரொட்டி. செய்தி ஓடிக்கொண்டிருந்தபோது மகள் “கண்டிப்பா வரணும்” என்றாள். அப்பா “வரவே கூடாது” என்றார். வழக்கம்போல மேசையைத் தட்டினார்கள். ஆனால் அன்றைக்குத் தட்டல் வேறு மாதிரி இருந்தது. மகள் சொன்னாள்: “உங்களுக்கு மெஷினைத் தெரியும்பா. மனுஷனைத் தெரியாது.” அப்பா சொன்னார்: “நீ ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குத்தான் போறியா, இல்ல ஆள் கொல்லப் போறியா?”

அன்றைக்கு டீ போடவில்லை. மகள் தட்டைக் கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால், வாரக்கணக்கில். அதற்குள் மகளுக்கு வேறு நகரத்தில் பெரிய மருத்துவமனையில் வேலை கிடைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயில். ஹாலில் அவளுடைய பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. அப்பா அந்தப் பெட்டிகளைச் சுற்றிக்கொண்டு நடந்தாரே தவிர, என்ன ஏது என்று கேட்கவில்லை.

வாயம்மாவுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. இது வெறும் தாயின் கவலை இல்லை, அவள் தொழிலில் கண்டது. ஒருமுறை அவளை ஒரு கட்டிலுக்குக் கூப்பிட்டார்கள். படுத்திருந்தவர் அப்பா, நின்றிருந்தவன் மகன். இருவருக்கும் ஒரே மொழி. “பின்னே நான் எதுக்கு?” என்று கேட்டாள். “நாங்க பேசிக்கிறதில்ல” என்றான் மகன். எதற்காக நிறுத்தினார்கள் என்பது இருவருக்குமே சரியாக நினைவில்லை. ஒரே மொழியிலிருந்து அதே மொழிக்கு அவள் மொழிபெயர்த்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் இப்படியே ரயிலேறிப் போய்விட்டால் நாளைக்குத் தன் வீட்டிலும் அதே கதைதான் என்று அவளுக்குத் தெரிந்தது.

அதனால்தான் அவள் அந்தக் காரியத்தைச் செய்தாள். வேலையில் ஒரு நாளும் செய்யாத காரியம்.

பேச்சு நின்ற வீடுகளில் நடப்பதுதான் இங்கேயும் நடந்தது. “உன் பொண்ணுகிட்ட சொல்லு” என்று அப்பா. “அப்பாகிட்ட சொல்லும்மா” என்று மகள். நடுவில் வாயம்மா. முதலில் குழாய், கேஸ், சாவி என்று சின்னச் சின்னச் செய்திகள். பழக்கதோஷத்தில் அவற்றையும் அவள் ‘நான்’ போட்டே சொன்னாள். “நான் பாத்ரூம் குழாயை மாத்திட்டேன், இனிமே சொட்டாது” என்று அவள் மகளிடம் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி, “அட, குழாய் வேலையும் செய்வீங்களா?” என்று ஆச்சரியப்பட்டுப் போனாள்.

பிறகு செய்திகள் காரமாயின. “போறவ போகட்டும், நான் என்ன வழியை மறிச்சுக்கிட்டா நிக்கிறேன்?” என்றார் லிஃப்ட்காரர். வாயம்மா மகளின் அறைக்குப் போனாள். வாசலில் ஒரு கணம் நின்றாள். உள்ளே போய், “நல்லபடியா போயிட்டு வா. நான்தான் கொஞ்சம் அவசரப்பட்டுப் பேசிட்டேன்” என்றாள். மகள் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு, “அப்பாவா சொன்னார்?” என்று கேட்டாள். வாயம்மா தலையை ஆட்டினாள். “அவர் பேசின பேச்சுக்கு அவரே வந்து சொல்லட்டும்” என்றாள் மகள். ஹாலுக்குத் திரும்பி வருவதற்குள் அது, “எனக்கும் மனசே சரியில்லப்பா, வந்து பேசறேன்” என்று ஆகிவிட்டது.

பாவம், நல்ல எண்ணம்தான். ஆனால் பலன் என்ன ஆயிற்று தெரியுமா? மகள் வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று அப்பா காத்திருந்தார். அப்பா வந்து மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று மகள் காத்திருந்தாள். வருகிற ஆளை முந்திக்கொண்டு போவானேன் என்று இருவரும் பெருந்தன்மையாக உட்கார்ந்திருந்தார்கள். வராத ஆள்மேல் இருவருக்கும் கோபம் நாளுக்கு நாள் ஏறியது. வாயம்மா சர்க்கரை போடப் போட, டீ கசந்துகொண்டே போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம். அப்பா குளித்துத் தலைவாரி, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்தார். மகள் தன் அறைக் கதவை அகலத் திறந்துவைத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒருவருக்கு மற்றவரின் முழங்கால் தெரியும்; முகம் தெரியாது. வாயம்மா சமையலறையில் நின்று இரண்டு முழங்கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். சுவர்க்கடிகாரம் மட்டும் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் அப்பாவுக்குத்தான் பொறுக்கவில்லை. கூரையைப் பார்த்துச் சொன்னார்:

“வந்து பேசறேன்னு சொன்னவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு தெரியல.”

“யாரு வந்து பேசறேன்னு சொன்னது?” என்று அறையிலிருந்து குரல் வந்தது. “அவசரப்பட்டுப் பேசிட்டேன்னு சொன்னவங்கதான் வரணும்.”

“நானா? நான் எப்போ சொன்னேன்?”

“நான் மட்டும் எப்போ சொன்னேன்?”

முழங்கால்கள் இரண்டும் எழுந்தன. அறை வாசலில் மகள், ஹால் நடுவில் அப்பா. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, ஒத்திகை பார்த்தது போல இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள்.

“அம்மா!”

“இந்தாம்மா!”

வாயம்மா இஞ்சி தின்ற குரங்கு மாதிரி நின்றாள்.

“நீ வேலையில இப்படித்தான் பண்ணுவியா?” என்றாள் மகள். குரல் உடைந்திருந்தது. “ஒரு நோயாளி வேண்டாம்னு சொன்னா, டாக்டர்கிட்ட சரின்னு சொல்லுவியா?”

அந்த ஒரு கேள்வி போதும். வாயம்மாவுக்கு முகம் சிவந்தது. திட்டைக்கூடச் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவள், தன் வீட்டில் இரண்டு பேரின் வார்த்தையையும் திருடியிருக்கிறாள். கோபத்தை எடுத்துவிட்டால் கோபத்துக்குள் இருந்ததும் கூடவே போய்விடும் என்பது அவளுக்குத் தெரியாததா? ஆனால் யோசித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. விடிந்தால் ரயில். அவள் அடுப்பை அணைத்தாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையின் நாற்காலி ஒன்றை இழுத்துச் சற்றுப் பின்னால் போட்டாள். மற்ற இரண்டையும் எதிரெதிரே வைத்தாள்.

“உக்காருங்க” என்றாள். மருத்துவமனைக் குரல். அந்த வீடு அந்தக் குரலைக் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள்.

“நான் பண்ணது தப்பு. இனிமே உங்க பேச்சை நான் தூக்கிட்டு அலையறதா இல்ல. என் வாய்க்கு இன்னைக்கு லீவு. நீங்களே பேசுங்க. ஆனா உங்களோடத இல்ல. இவ சொல்றதை நீங்க சொல்லுங்க, நீங்க சொல்றதை இவ சொல்லட்டும். ‘நான்’னுதான் சொல்லணும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. சொன்னவங்க ‘சரியா இருக்கு’ன்னு சொல்ற வரைக்கும் அடுத்த ஆளுக்கு முறை கிடையாது.”

“இதென்ன பைத்தியக்கார விளையாட்டு” என்று அப்பா எழப்போனார்.

“எனக்கு இதுதான் சோறு போடுது. உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

மகள் முதலில் பேசினாள். அவள் வார்டில் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற்ற லாரி டிரைவர். எலும்புக்குள் நோய். போர்வை பட்டாலே வலிக்கும். எந்த மருந்தும் அந்த வலியை முழுசாகத் தொடவில்லை. ஒவ்வொரு ஷிஃப்டிலும் அவர் அவளிடம், “முடிச்சு விட்டுடேன் மகளே” என்று கேட்பார். கேட்டுவிட்டு, “உன்னைப் போய்க் கேட்டேனே, மன்னிச்சுக்கோ” என்பார். “ஒரு நாள் அவர் மன்னிப்புக் கேட்டதும் நான் துணி வைக்கிற ரூமுக்குள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து அவருக்குப் படுக்கை விரிப்பு மாத்தினேன். வலிக்குதுன்னு கத்தினார். நான் மாத்தினேன். கேக்கறதுக்காவது அவருக்கு ஒரு வழி இருக்கணும்னுதான் நான் சொல்றேன். கொல்லணும்னு சொல்லல.”

“ம்” என்றார் அப்பா. “இவ வார்டுல ஒரு லாரி டிரைவர்...”

“‘என் வார்டுல’” என்றாள் வாயம்மா.

“சரி. என் வார்டுல ஒருத்தர் இருந்தார். ரொம்ப வலி. அவர் என்னமோ கேட்டார்...”

“என்ன கேட்டார்?”

“தெரியுமில்ல...”

“சொல்லணும்.”

லிஃப்ட்காரர் கழுத்தைச் சொறிந்தார். விறைத்த குரலில், “‘முடிச்சு விட்டுடேன் மகளே’ன்னு கேட்டார். நான் அவருக்கு விரிப்பு மாத்தினேன். கேக்கறதுக்கு ஒரு வழி வேணும்னு சொல்றேன். போதுமா?” என்றார்.

“கொஞ்சம் விட்டுப்போச்சு.”

“ஒண்ணும் விடல.”

“விட்டீங்க” என்றாள் வாயம்மா. அவ்வளவுதான். மேலே எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

அவருக்கே தெரியும் எதை விட்டார் என்று. மேசைமேல் இல்லாத தூசியைக் கையால் துடைத்தார். மகளைப் பார்க்காமல் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு ஆரம்பித்தார். “அவர் என்கிட்ட மன்னிப்புக் கேட்டார். நான்... நான் துணி வைக்கிற ரூமுக்குள்ள போய்...” நிறுத்தினார். “கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிட்டு வந்து விரிப்பை மாத்தினேன். அவர் கத்தினார். நான் மாத்தினேன். நான் கொல்லணும்னு சொல்லல.”

கடைசி வாக்கியத்தை அவர் மகளின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“சரியா இருக்குப்பா” என்றாள் மகள்.

“என்கிட்ட ஏன் நீ இதை...” என்று அவர் தொடங்கினார். வாயம்மா கையை உயர்த்தினாள். அவர் முறை வந்தது. அவர் தன்னுடையதைச் சொல்ல வேண்டும்.

சொல்லத் தெரியாமல் முதலில் லிஃப்டைப் பற்றிச் சொன்னார். லிஃப்டின் பிரேக் எப்போதும் இறுகப் பிடித்தபடிதான் இருக்குமாம். மின்சாரம் வந்துதான் அதை விலக்கிப் பிடிக்குமாம். மின்சாரம் போன நொடியில் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். “மனுஷனுக்கும் தெம்பு போற நேரம் ஒண்ணு வரும் குட்டி. அப்போ தானா பிடிச்சுக்கறதுக்கு ஒண்ணு வேணும். அதை எடுத்துடாதீங்கன்னுதான் சொல்றேன்.”

பிறகு சொன்னார்:

“உன் பெரியப்பா.”

மகள் நிமிர்ந்தாள். பெரியப்பா என்றால் அவளுக்கு உலகத்திலேயே சிரிப்பான மனிதர். கட்டடங்களுக்குப் பெயின்ட் அடித்தவர். சாரம் சரிந்து விழுந்து கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனவர். இதே வீட்டில், இப்போது அவள் அறையாக இருக்கும் அறையில், அவள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை கட்டிலில் இருந்தவர். அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தவர், வருகிறவர் போகிறவரையெல்லாம் கிண்டலடித்தவர், கடைசியில் ஒரு குளிர்காலத்துக் காய்ச்சலில் போனவர். அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

“விழுந்த புதுசுல அவன் தினமும் கேட்டான். நான் ஷேவ் பண்ணிவிடுவேன். அப்போ கேட்பான். ‘என்னை அனுப்பி வச்சிடுடா தம்பி’ம்பான். நான், ‘நாளைக்குப் பாக்கலாம்ணா’ம்பேன். மறுநாளும் கேட்பான். நானும் நாளைக்குப் பாக்கலாம்பேன். அப்புறம் நீ பொறந்தே. உன்னைக் கொண்டுவந்து அவன் கன்னத்தோட ஒட்டிப் படுக்க வச்சோம். மறுநாள் ஷேவ் பண்ணும்போது அவன் கேக்கல. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. அன்னைக்கு இப்படி ஒரு சட்டம் இருந்திருந்தா அவன் உன்னைப் பாத்திருக்கமாட்டான். உனக்குப் பெரியப்பான்னு ஒருத்தர் இருந்திருக்கமாட்டார். அவ்வளவுதான்.”

மகளுக்கு இது எதுவும் தெரியாது. வாயம்மாவுக்குத் தெரியும். அந்தக் கட்டிலுக்கு அவளும்தான் விரிப்பு மாற்றியிருக்கிறாள். ஆனால் கணவர் இதை வாய்விட்டுச் சொல்லி அவளும் இன்றுதான் கேட்டாள்.

மகளின் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது, பார்த்தாலே தெரிந்தது. பெரியப்பாவுக்கு இருந்தது நோயில்லை, இந்தச் சட்டம் அவரைப் போன்றவர்களுக்காக இல்லை, அதில் ஆயிரம் நிபந்தனைகள் இருக்கின்றன. எல்லாம் நியாயமான பதில்கள்தான். ஆனால் இப்போது அவள் அவளில்லையே. அவள் அப்பா. பதிலை விழுங்கிவிட்டு அப்பாவாகப் பேசத் தொடங்கினாள்.

பிரேக்கைச் சரியாகச் சொன்னாள். அண்ணனைச் சொன்னாள். “நான் அவனுக்கு ஷேவ் பண்ணிவிடுவேன். அவன் கேட்பான். நான் நாளைக்குப் பாக்கலாம்ணாம்பேன்.” அவள் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. “அப்புறம் குட்டி பொறந்தா. அவளைக் கொண்டுவந்து அவன் கன்னத்தோட ஒட்டிப் படுக்க வச்சோம். மறுநாள் அவன் கேக்கல. அதுக்கப்புறம் கேக்கவே இல்ல.” அங்கே நின்றாள். அடுத்து வர வேண்டியது சட்டத்தைப் பற்றிய வாக்கியம். அதற்குப் பதில் வேறொன்று வந்தது. “அவன் கேக்கறதை நிறுத்தினது வாழணும்னு ஆசை வந்துதானா, இல்ல என்னைப் பாத்து இரக்கப்பட்டு நிறுத்திக்கிட்டானான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.”

அது கூட்டல். பச்சையான, அப்பட்டமான கூட்டல். வேலையிடத்தில் என்றால் வாயம்மா அந்த இடத்திலேயே நிறுத்தியிருப்பாள். “நீ...” என்று வாயைத் திறந்தாள்.

“இருக்கட்டும்” என்றார் லிஃப்ட்காரர்.

அவர் கண்கள் நிரம்பியிருந்தன. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

“அதை எடுக்காத. அதுவும் என்னோடதுதான்.”

மகள் எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். “உங்களுக்கு மனுஷனைத் தெரியாதுன்னு சொன்னேனேப்பா” என்று அழுதாள். “நான் மட்டும் என்ன கொஞ்சமாவா சொன்னேன்” என்று அவரும் அழுதார். இஸ்திரி போட்ட சட்டை கசங்கிப் போயிற்று. இரண்டு பேரும் கேட்பார்கள் என்று வாயம்மா சொல்லிக் கேட்காமல் போன மன்னிப்பை, இப்போது யாரும் சொல்லாமலே கேட்டுக்கொண்டார்கள்.

அதற்காக ஓட்டு மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கண்ணைத் துடைத்துக்கொண்ட கையோடு, “ஆனாலும் சட்டம் வரணும்பா” என்றாள் மகள். “வரக் கூடாது குட்டி” என்றார் அப்பா. “நிபந்தனை எல்லாம் இருக்கு, படிச்சீங்களா?” “நிபந்தனையை நாளைக்கே தளர்த்துவாங்க, அது தெரியுமா உனக்கு?” என்று தொடங்கிவிட்டார்கள். ஆனால் இப்போது ஒருவர் சொன்னதும் மற்றவர் சட்டென்று பாயவில்லை. “அப்போ நீ சொல்றது இதுதானே?” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டுப் பாய்ந்தார்கள். நான்கு நாட்டைத் திருத்தியவர்களுக்கு இந்தச் சின்ன வித்தை இத்தனை நாள் கைவரவில்லை, என்ன செய்வது.

வாயம்மா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். டீ போடலாம் என்று எழுந்தாள். வேலை முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் தனியே விட்டுவிட்டு ஓசைப்படாமல் வெளியேறுவது அவளுக்குப் பழக்கம்.

“அம்மா” என்றாள் மகள். “நீ?”

“நான் என்ன?”

“நீ என்ன நினைக்கிற?”

வாயம்மா திரும்பிப் பார்த்தாள். கேள்வி யாரைப் பார்த்து என்று தெரியாமல், தன் பின்னால் ஆள் நிற்கிறதா என்று பார்த்தாள். சுவர்தான் இருந்தது.

“ஆமா, நீ சொல்லவே இல்லையே” என்றார் கணவர். சொல்லும்போதே அவருக்கு உறைத்தது. அவர்தான் கேட்டதே இல்லையே. “உக்காரும்மா. சொல்லு. எந்தப் பக்கம்?”

அவள் உட்கார்ந்தாள். “நான்” என்றாள். ஒரு நாளைக்கு நூறு முறை சொல்கிற வார்த்தை. அதற்கப்புறம் யார் பேச்சைச் சொல்வது என்று தெரியாமல் சற்று நேரம் விழித்தாள். அவர்கள் இருவரும் அவசரப்படுத்தவில்லை.

“நான் ரெண்டு பக்கமாவும் பேசியிருக்கேன். என்னை விட்டுடுங்கன்னு கேட்டவங்களாவும் பேசியிருக்கேன். விடமாட்டோம்னு அழுத பிள்ளைங்களாவும் பேசியிருக்கேன். ரெண்டுமே என் வாயில உண்மையாத்தான் வந்துச்சு. அதனால எந்தப் பக்கம்னு எனக்குச் சொல்லத் தெரியல.” கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். “ஆனா எனக்கு ஒரு பயம் இருக்கு. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா நான் என்ன கேப்பேன்னு எனக்கே தெரியாது. விட்டுடுங்கன்னு கேப்பேனோ, பிடிச்சுக்கோங்கன்னு கேப்பேனோ. எதைக் கேட்டாலும் அதை நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து கேக்கணும். ஒருத்தர் ஹால்லயும் ஒருத்தர் ரூம்லயும் உக்காந்திருந்தா நான் யார்கிட்டன்னு போய்ச் சொல்லுவேன்? உங்களுக்கு நடுவுல நான் இருக்கேன். எனக்கும் உங்களுக்கும் நடுவுல யாரு இருக்கா?”

பிறகு லிஃப்ட்காரர் தன் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். மகளும் திருப்பினாள்.

“நான் ரெண்டு பக்கமாவும் பேசியிருக்கேன்” என்று அவர் மெல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடிச் சொன்னார். “எனக்கு ஒரு பயம் இருக்கு. எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா...” அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

மகள் அந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். “எனக்கு அப்படி ஒரு நாள் வந்தா நான் என்ன கேப்பேன்னு எனக்கே தெரியாது. விட்டுடுங்கன்னு கேப்பேனோ, பிடிச்சுக்கோங்கன்னு கேப்பேனோ. எதைக் கேட்டாலும் அதை நீங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்காந்து கேக்கணும்.” அவளும் திணறியபோது அப்பா தலையைத் தூக்கினார். மிச்சத்தை இரண்டு பேருமாகச் சேர்ந்து, ஒருவர் விட்டதை ஒருவர் எடுத்துக் கொடுத்து, கடைசிக் கேள்விவரை சொல்லி முடித்தார்கள்.

வாயம்மா தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, முழுவதையும் கேட்டாள். தன் வார்த்தை இன்னொருவர் வாயிலிருந்து திரும்பி வந்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை.

“சரியா இருக்கு” என்றாள்.